எழுந்து நின்றவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும்

(கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வுக்கு ஒருங்கிணைப்பாளர்கள் கொடுத்திருக்கிற தலைப்பு, ‘சமூகநீதிப் பணிக்கு என்னைக் கொண்டுவந்த அனுபவம்’. காலையிலிருந்து இந்தத் தலைப்பில் உங்களில் பலர் பேசினீர்கள். ஒரு தோழர் தன் ஊரில் நடந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டார். இன்னொரு தோழர், “எனக்குச் சொல்ற மாதிரி எதுவும் நடக்கல. நான் இங்க பேசலாமான்னே தெரியல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்வதுபோல என் உரையை அமைத்துக்கொள்கிறேன்.

முதலில் இந்தக் கேள்வியைப் பற்றியே கொஞ்சம் பேசுவோம். “உங்களை இந்தப் பணிக்குக் கொண்டுவந்த சம்பவம் எது?” என்ற கேள்வி எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்கப்படுவதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்த முதல் தலைமுறைப் பெண்களைப் பற்றித்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆய்வு உதவித்தொகைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் உள்ளே போனவரும் சாதியும் கல்வியும் பற்றித்தான் ஆய்வு செய்கிறவர். அவர் சாதி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நல்ல தோழர், இன்றும் என் நண்பர். அவரிடம் ஆய்வு முறையியல் பற்றி இருபது நிமிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்கு நேரடியா ஏதாவது நடந்திருக்கா? அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.” நான் களப்பணி பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், “அதெல்லாம் விண்ணப்பத்துலயே இருக்கு, உங்க அனுபவத்தச் சொல்லுங்க” என்றார்கள்.

வெளியே வந்து வராந்தாவில் இரண்டு பேரும் பேசிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அவர் அறிவோடு போனால் போதும். நான் அறிவையும் எடுத்துக்கொண்டு காயத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் காயமும் அவர்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். இதைத்தான் நான் முதலில் உங்கள் முன்வைக்க விரும்புகிறேன். நம்முடைய அனுபவத்தைச் சொல்வது நம் உரிமை. அது நாம் கட்ட வேண்டிய நுழைவுக் கட்டணம் ஆகிவிடக் கூடாது.

அடுத்து, நம் மேடைகளில் நாமே அடிக்கடி சொல்கிற கதைகளுக்கு வருவோம். 1904இல் காசிக்குப் போன பெரியார், சத்திரத்தில் பார்ப்பனர்களுக்கு மட்டுமே சோறு என்று வெளியே தள்ளப்பட்டார். அன்றுதான் பகுத்தறிவு இயக்கத்தின் விதை விழுந்தது என்கிறோம். 1848இல் ஒரு பார்ப்பன நண்பரின் திருமண ஊர்வலத்தில் நடந்து சென்ற ஜோதிராவ் புலே இழிவுபடுத்தப்பட்டார். அதே ஆண்டு புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார் என்கிறோம். 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கும்பலால் விரட்டப்பட்ட அம்பேத்கர், போக்கிடம் இல்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்தார் என்கிறோம். மூன்றும் நடந்தவைதான். ஆனால் நாம் சொல்கிற விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் அவமானம், உடனே ஒரு புரட்சியாளர் என்று ஒரு சினிமாக் காட்சி மாதிரி ஆக்கிவிடுகிறோம்.

ஆண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காசிச் சத்திரத்துக்குப் போனபோது பெரியாருக்கு வயது 25. ‘குடி அரசு’ தொடங்கியதும், காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறியதும் 1925இல். நடுவில் 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டுகளில் வணிகம் பார்த்திருக்கிறார், ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்திருக்கிறார், 1919இல் காங்கிரசில் சேர்ந்திருக்கிறார், 1924இல் வைக்கத்தில் சிறைக்குப் போயிருக்கிறார். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்பதை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் தோற்றிருக்கிறார். சுயமரியாதை இயக்கம் இத்தனை வேலைகளின் வழியாகத்தான் வந்தது. காசி மட்டும் நடந்து இவையெல்லாம் நடக்காமல் போயிருந்தால், அது ஒரு மனிதரின் மனக்கசப்பாகவே முடிந்திருக்கும்.

புலேவின் கதையில் வரிசையே நேர்மாறாக இருக்கிறது. ஊர்வலத்துக்கு முந்தைய ஆண்டு, 1847இல், அவர் தாமஸ் பெய்னின் ‘மனித உரிமைகள்’ நூலைப் படித்துவிட்டார். ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர். தாயை இழந்த பிள்ளையை வளர்த்த சகுணாபாய் என்ற பெண்மணி அவர் படிப்பில் அக்கறை வைத்தவர். ஆக, அந்தத் திருமண ஊர்வலத்தில் நடந்துபோன இளைஞர், மனிதர்கள் சமம் என்பதை ஏற்கெனவே படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் அவமானம் நடந்தபோது “என் தலையெழுத்து” என்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. “இது அநீதி” என்று அதற்குப் பெயர் வைக்க முடிந்தது. பக்கத்தில் சாவித்ரிபாய் இருந்ததால் பெயர் வைத்ததோடு நிற்காமல் பள்ளியும் திறக்க முடிந்தது. அந்தப் பள்ளிகளில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளியானது. தலைக்கு மேல் கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுகிற தன் மக்களைப் பற்றி அந்தச் சிறுமி எழுதினாள். அந்தத் துயரத்தை அவளுடைய அம்மாவும் பாட்டியும் அவளைவிட அதிகமாகவே அனுபவித்திருப்பார்கள். அவளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடம்.

தோழர்களே, அவமானம் மட்டுமே ஒருவரைப் போராளி ஆக்கிவிடும் என்றால், இந்த நாட்டில் இத்தனை நூற்றாண்டுகளில் கோடிக்கணக்கான போராளிகள் கிளம்பியிருக்க வேண்டும். பெரும்பாலும் அவமானம் மனிதர்களை வாயடைக்கத்தான் வைக்கிறது. அதற்காகத்தானே அது செய்யப்படுகிறது?

அம்பேத்கர் தன் அனுபவங்களை எப்படிக் கையாண்டார் என்று பார்க்க ஒரு சிறு நூல் இருக்கிறது. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’.  அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாக வெளியிட்டது. அவருடைய தன்வரலாறு என்று பலர் அதைச் சொல்கிறார்கள். படிக்காதவர்கள் இன்று இரவே படித்துவிடுங்கள். படிக்கும்போது அதன் அமைப்பைக் கவனியுங்கள்.

மொத்தம் ஆறு பகுதிகள். முதல் பகுதி 1901. ஒன்பது வயதுப் பையன். அப்பா வேலை பார்க்கிற கோரேகானுக்கு அண்ணனோடும் அக்கா மகனோடும் ரயிலில் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் சாப்பிட முடியவில்லை. இரண்டாவது பகுதி பரோடா. மூன்றாவது 1929இல் சாலிஸ்கான். மகரை ஏற்றிக்கொண்டு ஓட்ட டாங்காக்காரர்கள் யாரும் முன்வராததால், ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி, வண்டியிலிருந்து விழுந்து பாரிஸ்டர் அம்பேத்கரின் கால் எலும்பு முறிகிறது. நான்காவது 1934இல் தௌலதாபாத் கோட்டை. அங்கே குளத்துத் தண்ணீரில் கைகால் கழுவியதற்காகத் தகராறு.

ஐந்தாவது பகுதிக்கு வரும்போது அம்பேத்கர் காணாமல் போகிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியர். அவருடைய மனைவி பிள்ளை பெற்றுச் சில நாளில் நோயில் விழுகிறார். சேரிக்குள் வரமாட்டேன் என்று டாக்டர் சொல்கிறார். நோயாளியை வெளியே கொண்டுவர வேண்டும். டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பித் தருகிறார். நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போன டாக்டர் அதன்பின் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்த கடிதம் அது. ஆறாவது பகுதி, போர்சத்தில் கிராம அலுவலராக வேலைக்குச் சேர்ந்த ஒரு துப்புரவாளர் சமூக இளைஞர், தண்ணீர்ப் பானையையும் தொட முடியாமல், தங்க வீடும் கிடைக்காமல், மிரட்டப்பட்டு வேலையை விட்டு ஓடிவந்த கதை. 1938 மார்ச்சில் தாதரில் நடந்த கூட்டத்தில் அவர் சொன்னது.

தன்வரலாறு என்று நினைத்துத் திறக்கிற நூல், பாதிக்கு மேல் ஒரு வழக்குக் கட்டாக மாறிவிடுகிறது. தீண்டாமை எப்படி இயங்குகிறது என்று அயல்நாட்டாருக்குப் புரியவைக்க, பொதுவாக விளக்குவதைவிட நடந்த நிகழ்வுகளை அடுக்கிக் காட்டுவது பயன்தரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ரயில் நிலையம், விடுதி, டாங்கா, குளம், மருத்துவமனை, அரசு அலுவலகம். படித்தால் சரியாகிவிடும், பணம் வந்தால் சரியாகிவிடும், அரசு வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒவ்வொரு இடமாகப் பதில் சொல்கிறார். தனக்கு நடந்ததும் பெயர் தெரியாத ஆசிரியரின் மனைவிக்கு நடந்ததும் அந்தக் கட்டில் ஒரே எடை.

இதை நான் படித்ததும் என் வாழ்க்கையில் ஒரு விஷயம் விளங்கியது. அதையும் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு நாள் வரும். வகுப்பு ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் லிஸ்ட் எடுக்கணும்” என்பார். உங்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். அவர் மோசமான ஆசிரியர் என்றுகூடச் சொல்ல முடியாது. கணக்கை நன்றாக நடத்துவார். அவருக்கு அது ஒரு வேலை, ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். நாங்கள் பதினோரு பேர் நிற்போம். அவர் எண்ணுவார், இரண்டு தடவை எண்ணுவார். மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பது என்பது மாறிப்போயிருக்கும். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் இருக்கிற கூச்சம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்து அரசு விடுதிக்கு வந்த பிறகு, ஒரு நாள் இரவு கரண்ட் இல்லாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் ஒருத்தி இதைச் சொன்னாள். “எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான்” என்றாள் இன்னொருத்தி. அடுத்தவள், அதற்கடுத்தவள். கடலூர், விழுப்புரம், தஞ்சாவூர், திண்டுக்கல் என்று வெவ்வேறு மாவட்டத்துப் பெண்கள். வெவ்வேறு ஆசிரியர்கள், ஒரே வாக்கியம். அன்று இரவு என் கூச்சம் குறைந்தது என்பதைவிட, அது என்னுடையது இல்லை என்று தெரிந்தது. பத்து மாவட்டங்களில் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் அது என் மனசில் இருக்கிற பிரச்சினை இல்லை, அது ஒரு நடைமுறை. நடைமுறையை மாற்றலாம்.

எங்கள் கல்லூரியிலும் முதல் வாரத்தில் அதே வாக்கியம் வந்தது. நாங்கள் ஒரு மனு எழுதினோம். உதவித்தொகை விண்ணப்பங்களை வகுப்பில் அறிவிக்காமல் அலுவலகத்தில் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. 43 பேர் கையெழுத்துப் போட்டோம். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். பெரிய போராட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்குப் பின்னால் அந்தக் கல்லூரிக்கு வந்த பெண்கள் எழுந்து நிற்கவில்லை.

மனு எழுதும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நினைவுக்கு வருகிறவர் எங்கள் தெருவில் மாலைநேரப் பள்ளி நடத்திய ஓர் அக்கா. அம்பேத்கர் மன்றத்தின் சிமெண்ட் தரையில் தினமும் ஆறு மணி முதல் எட்டு மணி வரை. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அவர் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்து, “நாளையிலருந்து மூணாங்கிளாஸ் பிள்ளைங்க உன் பொறுப்பு. யாரு வரலன்னாலும் நீதான் வீட்டுக்குப் போயி கேக்கணும்” என்றார். உனக்கு என்ன கஷ்டம் நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு வேலை கொடுத்தார். வரவில்லை என்று தேடிப்போன வீடுகளில்தான் நான் எங்கள் தெருவையே பார்த்தேன். செங்கல் சூளைக்குப் போன குடும்பம், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண் பிள்ளை, சாதிச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்த அப்பா. என்னை இந்தப் பணிக்குக் கொண்டுவந்த அனுபவம் எது என்று கேட்டால், எட்டாம் வகுப்பில் எழுந்து நின்றதைச் சொல்லமாட்டேன். அந்தப் பதிவேட்டைத்தான் சொல்வேன்.

அந்த உதவித்தொகையின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1942 அக்டோபரில், வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் ஒரு மனு கொடுத்தார். கல்விக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளில் ஒன்று. 1944 முதல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இப்படி வாதாடி வாங்கிய உரிமையை, பிச்சை போடுவதுபோல வகுப்பில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கிறார்கள். நாம் வெட்கப்பட வேண்டியது எதுவும் அதில் இல்லை.

இப்போது, தனக்கு எதுவும் நடக்கவில்லை என்று சொன்ன தோழருக்கு வருகிறேன். அவரைப் போல இந்த அரங்கில் பிற்படுத்தப்பட்ட, முற்பட்ட சமூகங்களிலிருந்து வந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள்.

எங்கள் வகுப்பில் பதினோரு பேர் எழுந்து நின்றோம். மீதி முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்ற எங்களிடம்தான் இன்றுவரை எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள். உட்கார்ந்திருந்த முப்பது பேரிடம் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் அன்று ஓர் அனுபவம் நடந்தது. பக்கத்தில் இருந்தவள் எழுந்ததைப் பார்த்தார்கள். தங்களை யாரும் எழச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார்கள், அல்லது கவனிக்காமலே இருக்க முடிந்தது. மறுநாள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். சாதி இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துகிறது தோழர். உங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் இருந்தது, யார் கொல்லைப்புறமாக வந்தார்கள், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வி என்னவாக இருந்தது, வாட்ஸாப் குடும்பக் குழுவில் எந்தக் கிண்டலுக்கு எல்லோரும் சிரித்தீர்கள் என்று யோசியுங்கள். இவற்றைப் பற்றிப் பேச உங்களால்தான் முடியும். நாங்கள் அந்த அறைக்குள் இருந்ததில்லை.

மகாடிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் எஸ்.கே. போலே. அதை ஏற்று மகாட் நகராட்சியும் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில், 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அந்த நகரத்தின் சுரேந்திரநாத் டிப்னிஸ் சாதி இந்து. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரிக்கிற தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பார்ப்பனர். அவர்கள் யாரும் மேடையேறி “நானும் வேதனைப்படுகிறேன்” என்று அழுததற்காக நினைக்கப்படவில்லை. தங்கள் இடத்தில் இருந்துகொண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்கள். குற்ற உணர்ச்சியால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை தோழர், அடுத்த தடவை வகுப்பில் அந்த வாக்கியம் வரும்போது உட்கார்ந்திருக்கிற ஒருவர் கையைத் தூக்கி, “சார், இதைத் தனியா கூப்பிட்டுக் கேட்கலாமே” என்று சொன்னால் பயன் உண்டு.

அப்படிச் சொல்வதற்கு இன்று ஓர் ஆதாரமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை, அவரோடு பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குவது என்று பல பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பறையில் அறிவிக்காமல், மாணவரைத் தலைமையாசிரியர் அறைக்குத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது. இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனையோ பிள்ளைகள் தனியாக விழுங்கிய கூச்சம், அரசு அறிக்கையில் ஒரு பரிந்துரையாக வந்து நிற்கிறது. யாரோ பேசியிருக்கிறார்கள், யாரோ கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை அலமாரியில் தூங்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பெஜவாடா வில்சனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில், மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைச் சின்ன வயதில் அவரிடம் மறைத்தே வைத்திருந்தார்கள். வளர்ந்த பிறகு, தொழிலாளர்கள் மலக்குழிக்குள் கையைவிட்டு வாளியை எடுப்பதை நேரில் பார்த்து அழுதிருக்கிறார். அதோடு அவர் நின்றிருந்தால் நமக்கு அவரைத் தெரிந்திருக்காது. நிர்வாகத்துக்குக் கடிதம், உலர் கழிவறைகளின் புகைப்படங்கள், மாநிலம் மாநிலமாகக் கணக்கெடுப்பு என்று போனார். 1993இல் சட்டம் வந்தும் அரசுகள் ‘எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவர் சார்ந்த சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். 2023இல் அதே நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடைச் சாவுகள் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் ‘இல்லை’ என்று பொய் சொன்ன அரசுகளை ‘இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்ள வைத்தது அந்தக் கணக்கெடுப்பு.

கடைசியாக, பேச முடியாமல் நிறுத்திய தோழருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாதில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் பாயல் தத்வியை இழந்தோம். ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் அபேதா தத்வியும் 2019இல் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கல்வி வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் அவர்கள் வழக்கு. நம் பிள்ளைகளுக்கு நீதி கேட்க அவர்கள் ஓயாமல் அலைகிறார்கள். அவர்களை ‘வீரத்தாய்கள்’ என்று மேடையில் வாழ்த்திவிட்டுக் கைதட்டிக் கலைகிற கூட்டமாக நாம் இருந்தால் அது சரியில்லை. ஒரு சாவு நடந்த பிறகுதான் ஒரு விதி நடைமுறைக்கு வரும் என்ற நிலைமையை மாற்றுவதற்குத்தான் நாம் கூடியிருக்கிறோம். அதனால் உங்கள் கஷ்டத்தை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சொல்லாமல் இருப்பதும் உங்கள் உரிமை. ஆனால் தனியாக மட்டும் இருக்காதீர்கள். உங்கள் விடுதி மொட்டைமாடியில் யாராவது “எங்க ஊர்லயும் அப்படித்தான்” என்று சொல்லக் காத்திருப்பார்கள்.

இங்கிருந்து போன பிறகு செய்வதற்கு மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் கல்லூரியில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு இருக்கிறதா, அதன் பொறுப்பாளர் யார், புகார் எங்கே கொடுப்பது என்று விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதைப் பற்றி எதுவும் தெரியாத கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இரண்டு, பக்கத்தில் இருக்கிற ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கழிவறைக்குக் கதவு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். உணர்ச்சியாக எதுவும் எழுத வேண்டாம். தேதி, இடம், எண்ணிக்கை போதும். 1924இல் பகிஷ்கரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கிய அம்பேத்கர் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று மாணவர் விடுதி. அதற்குப் பிறகுதான் மகாட்.

மூன்று, உங்களைவிட இளையவர் ஒருவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வாசிப்பு வட்டத்தின் சாவியோ, மாலைநேரப் பள்ளியின் பதிவேடோ, கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டுகிற வேலையோ, எதுவாக இருந்தாலும் சரி. “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்டு ஆரம்பிக்காதீர்கள். “நாளைக்கு ஆறு மணிக்கு வர முடியுமா?” என்று கேளுங்கள். வேலை செய்யச் செய்ய, சொல்ல வேண்டிய கதை இருந்தால் அவர்களே சொல்வார்கள்.